அம்மாவுக்கு இருந்த இருதய வருத்தம் பிள்ளைக்கும் வருமா?

"அம்மாவுக்கு இருதய வால்வில வருத்தம். அக்காவுக்கும் அதே. இப்ப எனக்கும் படி ஏறினா மூச்சு வாங்குது. எங்கட பரம்பரையிலயே இருக்குது, இனி என்ன செய்யிறது?" எங்கள் ஆலோசனை மேசைக்கு வருபவர்களிடம் இப்படியான பேச்சை அடிக்கடி கேட்கிறோம். வழக்கு விசயமாக வந்து, எழும்பிப் போகும் நேரத்தில்தான் இதைச் சொல்லுவார்கள். வேறு சிலர் சொல்லவே மாட்டார்கள். கலியாணம் குழம்பிப் போகும் என்ற பயம் ஒரு பக்கம், ஹோம் ஒஃபிஸ் அறிந்தால் வழக்கைப் பாதிக்குமோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

ஆகவே இந்த முறை வாதக் காய்ச்சலால் வரும் இருதய நோயைப் பற்றி எழுதுகிறோம். இது பரம்பரையாக வருமா, வருமென்றால் எந்த அளவுக்கு, இங்கிலாந்துக்குப் புதிதாக வந்து புகலிடம் கேட்டிருக்கும் நீங்கள் என்ன செய்யலாம் என்பவற்றைப் பார்ப்போம்.

முதலில் பெயர். இதை ஆங்கிலத்தில் 'ருமாட்டிக் ஃபீவர்' என்றும், அதனால் இருதயத்தில் ஏற்படும் பாதிப்பை 'ருமாட்டிக் ஹார்ட் டிசீஸ்' என்றும் சொல்வார்கள். இந்த இரண்டு பெயர்களையும் மனப்பாடம் செய்து வையுங்கள். காரணம் இருக்கிறது. நீங்கள் "எனக்குச் சின்ன வயதில் வாதம் வந்தது" என்று சொன்னால், மொழிபெயர்ப்பாளர் அதை மூட்டுவாதம் என்று மாற்றிச் சொல்லக்கூடும், பக்கவாதம் என்றும் சொல்லக்கூடும். எங்கட மொழியில் வாதம் என்ற ஒரு சொல்லுக்குள் பல வருத்தங்கள் அடங்கிக் கிடக்கின்றன. இங்குள்ள இளம் டொக்டர்களில் பலர் வாதக் காய்ச்சலை நேரில் கண்டதே இல்லை. நீங்கள் சரியான பெயரைச் சொன்னால்தான் அவர் சரியான பரிசோதனைக்கு எழுதுவார்.

இந்த நோய் தொண்டை நோவில் தொடங்குகிறது. தொண்டை நோக்களில் பெரும்பாலானவை வைரஸ் கிருமியால் வருபவை, தாமாகவே மாறிவிடும். ஆனால் சில தொண்டை நோக்கள் 'குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகொக்கஸ்' என்ற பக்டீரியாவால் வருகின்றன. சுருக்கமாக 'ஸ்ட்ரெப்' என்பார்கள். அதற்கு மருந்து எடுக்காமல் விட்டால், தொண்டை மாறி இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு சிலருக்குக் காய்ச்சல் வரும். முழங்கால் வீங்கி நோகும், அது மாற கணுக்கால், பிறகு முழங்கை என்று நோ இடம் மாறும். சில பிள்ளைகளுக்குக் கை கால் தன்பாட்டில் துடிக்கும், கோப்பையைப் பிடித்தால் கீழே விழும், எழுத்துக் கோணலாகும். குழப்படி செய்கிறது என்று நினைத்து அடி வாங்கிய பிள்ளைகளும் உண்டு. அனேகமாக ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில்தான் இது முதலில் வரும். மூட்டு நோ அடையாளம் தெரியாமல் மாறிவிடும். இருதய வால்வில் பட்ட காயம் அப்படி மாறுவது குறைவு. திரும்பத் திரும்பக் காய்ச்சல் வந்தால் வால்வு தடித்து, சுருங்கி, சரியாகத் திறக்கவோ மூடவோ முடியாமல் போகிறது. இருதயத்தின் இடப்பக்கத்தில் உள்ள 'மைட்ரல்' வால்வுதான் கூடுதலாகப் பாதிக்கப்படுவது.

தொண்டையில் வந்த கிருமி எப்படி இருதயத்தைக் கெடுக்கிறது? உண்மையில் கிருமி நேரடியாக அங்கே போய் வால்வைத் தின்பதில்லை. அந்தக் கிருமியின் மேற்பரப்பில் உள்ள சில புரதங்கள் எங்கள் இருதயத்திலுள்ள சில புரதங்களைப் போலவே இருக்கின்றன. கிருமியைத் தேடிப் புறப்பட்ட உடலின் பாதுகாப்புப் படை, சாயல் ஒத்துப்போகிறது என்பதற்காக இருதயத்தையும் தாக்குகிறது. தேடப்படுகிறவரின் முகச்சாயல் இருக்கிறதென்று வேறொருவரைப் பிடித்துக்கொண்டு போவது எங்கட ஆட்களுக்குப் புதிய கதையல்ல. அதே பிழைதான் உடம்புக்குள்ளும் நடக்கிறது.

இந்தப் பிழையை எல்லோருடைய உடம்பும் விடுவதில்லை. 1950ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஒரு விமானப்படைத் தளத்தில் ஸ்ட்ரெப் தொண்டை நோ மிக வேகமாகப் பரவியது. அங்கே மருந்து எடுக்காதவர்களில்கூட நூற்றுக்கு மூன்று பேரளவில்தான் வாதக் காய்ச்சல் கண்டது. பென்சிலின் பெற்றவர்களில் அது இன்னும் வெகுவாகக் குறைந்தது. ஒரே கிருமி, ஒரே முகாம், ஒரே சாப்பாடு. அப்படியிருக்க ஏன் அந்த மூன்று பேருக்கு மட்டும்? இங்கேதான் பரம்பரைக் கேள்வி வருகிறது.

பரம்பரையில் வருவது என்ன?

இது ஒரே குடும்பத்தில் பலருக்கு வருவதை வைத்தியர்கள் நெடுங்காலமாகவே கண்டிருக்கிறார்கள். 1889இல் வோல்டர் சீடில் என்ற லண்டன் பிள்ளை வைத்தியர், குடும்பத்தில் இந்த நோய் இருந்தவர்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று சொன்னார். ஆனால் குடும்பம் என்றால் இரத்தம் மட்டும் இல்லையே. ஒரே வீடு, ஒரே பாய், ஒரே தொண்டைக் கிருமியும்தான். எது இரத்தத்தால், எது வீட்டால் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு இரட்டைப் பிள்ளைகள் உதவினார்கள். இரட்டையரில் இரண்டு வகை. ஒரே கருவிலிருந்து பிரிந்து, மரபணு ஏறக்குறைய முழுவதும் ஒத்த ஒரே அச்சு இரட்டையர் ஒரு வகை. சாதாரண அண்ணன் தம்பி போல மரபணுவில் பாதியளவே ஒத்த இரட்டையர் மற்ற வகை. இரண்டு வகையினரும் பொதுவாக ஒரே வீட்டில் ஒன்றாகத்தான் வளர்வார்கள். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2011இல் வெளியான கணக்கு இது: ஒரே அச்சு இரட்டையரில் ஒருவருக்கு வாதக் காய்ச்சல் வந்தால் மற்றவருக்கும் வந்தது நூற்றுக்கு 44 சோடியில். மற்ற வகை இரட்டையரில் அது 12 மட்டுமே.

இந்த இரண்டு எண்களையும் ஆறுதலாகப் பாருங்கள், இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது அதற்குள்தான் இருக்கிறது. 44, 12ஐ விட மிக அதிகம். ஆகவே பரம்பரைக்குப் பங்கு உண்டு, அம்மா சொன்னது வெறும் கதையில்லை. ஆனால் 44, 100 இல்லை. அதே மரபணு, அதே வயது, அதே வீடு இருந்தும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் வரவில்லை. பரம்பரையாக வருவது நோய் அல்ல. அந்தக் கிருமி வந்தால் உடம்பு பிழையாக நடந்துகொள்ளக்கூடிய ஒரு தன்மை மட்டுமே வருகிறது. கிருமி வராவிட்டால், அல்லது வந்தவுடன் மருந்து கொடுத்துவிட்டால், அந்தத் தன்மை வேலை காட்ட இடமில்லை.

அந்தத் தன்மை எந்த மரபணுவில் இருக்கிறது என்று இப்போது ஆயிரக்கணக்கானவர்களின் இரத்தத்தை எடுத்துத் தேடுகிறார்கள். 2017இல் பசிபிக் தீவு நாடுகள் எட்டில் 2,852 பேரிடம் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. பீஜித் தீவில் வாழும் இந்திய வம்சாவளியினர் அங்குள்ள மக்கள்தொகையில் முக்கிய பகுதி. 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழரின் பேரப்பிள்ளைகளும் அவர்களுக்குள் உண்டு. பசிபிக் ஆய்வு தெற்காசிய வம்சாவளியினரையும் சேர்த்தே பார்த்தது. கிருமிக்கு எதிரான 'அன்ரிபொடி' எனப்படும் எதிர்ப்புப் பொருளைச் செய்யும் மரபணு ஒன்றில் ஒரு சிறு வித்தியாசம் இருப்பவர்களுக்கு, அதன் ஒவ்வொரு பிரதிக்கும் ஆபத்து ஏறக்குறைய 1.4 மடங்காகிறது என்று கண்டார்கள். அதாவது பத்துப் பேருக்கு வரக்கூடிய இடத்தில் பதினான்கு பேருக்கு வரலாம். கூடுதல்தான், ஆனால் தலைவிதி என்று சொல்லுமளவுக்கு இல்லை.

அதே 2017இல் அவுஸ்திரேலியாவின் வடபகுதியில் ஆதிக்குடி மக்களிடம் செய்த ஆய்வு வேறோர் இடத்தைக் காட்டியது. 'எச்.எல்.ஏ.' என்ற மரபணுக் கூட்டம் அது. கிருமியின் துண்டு ஒன்றைப் பிடித்து, "இவனைத்தான் தேட வேண்டும்" என்று பாதுகாப்புப் படைக்குக் காட்டுவது அதன் வேலை. முன்பு சொன்ன உதாரணத்தில், படத்தைக் காட்டுகிறவர் எச்.எல்.ஏ., பிடிக்கப் போகிறவர் அன்ரிபொடி. வட இந்தியாவிலும் பீஜியிலும் உள்ள தெற்காசியரை வைத்து 2020இல் வந்த ஆய்வும் எச்.எல்.ஏ. உள்ள பகுதியையே சுட்டியது. ஆனால் 2021இல் ஆபிரிக்காவில் எட்டு நாடுகளில் 4,809 பேரைப் பார்த்தபோது, கறுப்பின மக்களிடம் 11ஆம் குரோமோசோமில் இன்னோர் இடம் தெரிந்தது. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாகத் தெரிகிறதென்றால், இது ஒரு மரபணுவின் வேலை இல்லை, பல சிறிய வித்தியாசங்கள் சேர்ந்து செய்யும் வேலை என்று விளங்கிக்கொள்ளலாம்.

இதனால் உங்களுக்கு மூன்று விசயம் தெளிவாகும். தலசீமியா போல, தாயிடமும் தகப்பனிடமும் இருந்து ஒரே மரபணு சேர்ந்தால் நோய் என்ற கணக்கு இங்கே பொருந்தாது. ஆகவே மச்சாளை முடித்ததால்தான் பிள்ளைக்கு வால்வு பழுதானது என்று யாரும் பழி சொல்லத் தேவையில்லை. இரண்டாவது, இந்த நோய் வருமா என்று முன்கூட்டியே சொல்லும் இரத்தப் பரிசோதனை இன்று எந்த வைத்தியசாலையிலும் இல்லை. மரபணு டெஸ்ட் செய்து இதைச் சொல்லுகிறோம் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். மூன்றாவது, பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்டால்கூடச் சொல்லலாம்: குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தது என்பதற்காக மற்றப் பெண்ணுக்கோ பிறக்கப்போகும் பிள்ளைக்கோ வந்தே தீரும் என்று எந்த டொக்டரும் சொல்ல முடியாது.

மரபணுவை விடப் பெரிய காரணம் எது என்று கேட்டால், எங்கள் பார்வையில் இட நெருக்கடிதான். சீடில் வைத்தியர் இருந்த காலத்தில் லண்டன் பிள்ளைகளுக்கு இது சாதாரணமான வருத்தம். இன்று இங்கே அரிது. மூன்று நாலு தலைமுறைக்குள் ஆங்கிலேயரின் மரபணு மாறிவிடவில்லை. வீடுகள் விசாலமாகின, 1940களுக்குப் பிறகு பென்சிலின் கைக்கு வந்தது. வயோமிங் படைத்தளத்தில் கட்டிலும் கட்டிலும் நெருங்க நெருங்க ஸ்ட்ரெப் கூடுதலாகத் தொற்றியது. நியூசிலாந்து அரசு 2013இல் வாதக் காய்ச்சலைக் குறைப்பதற்கென்று தொடங்கிய திட்டம் ஒன்றே, நெருக்கடியான ஈர வீடுகளில் இருக்கும் குடும்பங்களுக்கு வீட்டு வசதியைத் திருத்திக் கொடுப்பதுதான். முகாமில் தறப்பாளுக்குக் கீழே பத்துப் பேர் படுத்தவர்களுக்கும், இங்கே ஹோட்டலில் ஓர் அறைக்குள் முழுக் குடும்பமாக இருப்பவர்களுக்கும் இதை விளக்கத் தேவையில்லை. ஹோட்டல் அறையை நீங்கள் பெரிதாக்க முடியாது. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டை நோ வந்து, இருமலும் மூக்கு வடிதலும் இல்லாமல், விழுங்க முடியாமல், கழுத்தில் நெறி கட்டியிருந்தால் ஜி.பி.யிடம் கொண்டுபோகலாம். "எங்கட குடும்பத்தில ருமாட்டிக் ஃபீவர் இருக்குது" என்ற வசனத்தையும் அங்கே சொல்லுங்கள். தொண்டை நோ தொடங்கி ஒன்பது நாளுக்குள் அன்ரிபயோட்டிக் கொடுத்தாலே வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம், ஆகவே இரவோடு இரவாக ஓட வேண்டிய பதற்றமும் இல்லை. தந்த மருந்தை, தொண்டை சுகமானாலும், டொக்டர் சொன்ன நாள்வரை முழுவதும் கொடுத்து முடிக்க வேண்டும்.

ஏற்கெனவே வந்தவர்களுக்கு

இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள். ஊரில் இருக்கும்போது மூன்று கிழமைக்கோ நாலு கிழமைக்கோ ஒருமுறை பின்பக்கத்தில் நோகிற ஊசி போட்டு வந்தீர்களா? கிளினிக் கொப்பியும் டயக்னோசிஸ் கார்ட்டும் வைத்திருந்து, பயணத்தில் தொலைத்துவிட்டீர்களா? ஏஜென்சிக்காரரோடு பல மாதம் வழியில் நின்றதில் ஊசி நின்றுவிட்டதா? நிற்பாட்டி ஒரு வருத்தமும் வரவில்லையே என்று அப்படியே இருக்கிறீர்களா?

அந்த ஊசி பென்சிலின். அது வால்வைச் சுகமாக்கும் மருந்தல்ல. அடுத்த ஸ்ட்ரெப் தொற்று வராமல் காவல் நிற்கும் மருந்து. ஒருமுறை வாதக் காய்ச்சல் வந்தவரின் உடம்பு, அடுத்த முறையும் அதே பிழையை விடக்கூடிய உடம்பு. ஒவ்வொரு முறையும் வால்வு இன்னும் கொஞ்சம் பழுதாகும். உகண்டாவில், நோய்க்குறி எதுவும் வெளியில் தெரியாமல், ஸ்கானில் மட்டும் வால்வு மாற்றம் கண்ட 818 பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மாதாந்தம் இந்த ஊசி போட்டுப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் ஊசி போடாதவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு நோய் முற்றியது. ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. 2022இல் வெளியான முடிவு இது. ஆகவே விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்குவது பற்றி உடனே டொக்டருடன் கதையுங்கள்.

எவ்வளவு காலம் போட வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இருதயம் பாதிக்கப்படாதவருக்குக் குறைந்தது ஐந்து வருடம் அல்லது 21 வயதுவரை, வால்வு பழுதானவருக்குப் பத்து வருடம் அல்லது 40 வயதுவரை என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்குகளில் ஒன்று. சிலருக்கு அதற்கு மேலும் தேவைப்படும். இங்கே ஊசிக்குப் பதிலாகத் தினமும் இரண்டு வேளை பென்சிலின் குளிசை தரவும் கூடும். குளிசையை மறப்பது சுலபம், ஊசியை மறப்பது கஷ்டம். உங்களுக்கு எது பொருந்தும் என்று கேளுங்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாமல் முன்பு உடம்பு தடித்திருந்தாலோ மூச்சு முட்டியிருந்தாலோ அதை முதலில் சொல்ல வேண்டும். வேறு மருந்து இருக்கிறது.

ஜி.பி.யிடம் பதிவது எல்லோருக்கும் இலவசம். புகலிட விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்களுக்கும் இலவசம்தான். விலாசச் சான்றோ பாஸ்போர்ட்டோ இல்லையென்று பதிய மறுக்க முடியாது. மறுத்தால் எங்களிடம் வாருங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், அதற்கும் காசில்லை. பிள்ளையையோ பக்கத்து அறைக்காரரையோ மொழிபெயர்க்க விட வேண்டாம். குடும்ப நோய் பற்றி மற்றவருக்கு முன்னால் மனம்விட்டுக் கதைக்க முடியாது. மருந்துச் சீட்டுக் கட்டணம் கட்டாமலிருக்க 'எச்.சி.2' சான்றிதழ் தேவை. அரச உதவிப்பணத்தில் இருப்பவர்களுக்கு அது தரப்படும், மற்றவர்கள் 'எச்.சி.1' படிவம் நிரப்பிக் கேட்கலாம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை வைத்தியசாலைச் சிகிச்சைக்கும் கட்டணமில்லை. முற்றாக மறுக்கப்பட்டவர்களுக்குச் சில சிகிச்சைகளுக்குப் பில் வரலாம். ஆகவே மறுப்புக் கடிதம் வந்தால், கிளினிக்கை நிற்பாட்ட முன்னர் எங்களோடு கதையுங்கள்.

ஹோம் ஒஃபிஸ் பயம் பற்றி: உங்கள் நோய் விவரத்தை டொக்டர் உங்கள் சம்மதமில்லாமல் அங்கே அனுப்புவதில்லை. வருத்தம் இருக்கிறது என்பதற்காகப் புகலிட விண்ணப்பத்தை மறுப்பதும் இல்லை. உங்கள் சொலிசிட்டருக்கு இது தெரிந்திருப்பது நல்லது. தூர நகரத்துக்கு மாற்றும் கடிதம் வந்தால், அடுத்த கிளினிக் திகதி, ஸ்கான் திகதி எல்லாம் காட்டி அவர் கதைக்க முடியும். மாற்றியே விட்டால், மருந்தை முடியவிடாமல் வாங்கிக்கொண்டு போய், முதல் கிழமையிலேயே புது ஜி.பி.யிடம் பதியுங்கள். வால்வு மாற்றி, இரத்தம் உறையாமலிருக்க 'வோபரின்' எடுப்பவர்கள் ஒரு நாளும் மருந்தில்லாமல் இருக்கக் கூடாது. அதை வேறு குளிசைக்குத் தாங்களாக மாற்றவும் கூடாது.

பெண்களுக்குத் தனியாக ஒரு சொல். சுருங்கிய வால்வு வருடக்கணக்காக ஒன்றும் காட்டாமல் இருந்துவிட்டு, பிள்ளை வயிற்றில் தங்கியதும் மூச்சுத்திணறலாக வெளிவருவது உண்டு. கர்ப்ப காலத்தில் இரத்தம் கூடுகிறது, இருதயத்துக்கு வேலை கூடுகிறது. அதனால் பிள்ளை பெற எண்ணியிருந்தால் முதலில் 'எக்கோ' ஸ்கான் செய்துகொள்ளுங்கள். வயிற்றின் மேல் செய்கிற ஸ்கானைப் போலத்தான், நெஞ்சில் வைத்துப் பார்ப்பார்கள், நோவில்லை. வோபரின் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது, ஆகவே அதை எடுப்பவர்கள் கர்ப்பமாகும் முன்பே டொக்டரிடம் கதைக்க வேண்டும். ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தால், பயந்து மருந்தை நிற்பாட்டிவிடாமல் அன்றே தொலைபேசியில் கேளுங்கள். மாமியாருக்கோ கணவருக்கோ இன்னும் சொல்லவில்லை என்றால் பரவாயில்லை, மிட்வைஃபுக்கு மட்டுமாவது சொல்லுங்கள். நீங்கள் தனியாகக் கதைக்க வேண்டும் என்று கேட்டால் அவர் மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்லுவார்.

பல்லு டொக்டரிடம் போகும்போதும் வால்வு வருத்தம் இருப்பதைச் சொல்லுங்கள். பழுதான வால்வில் கிருமி போய்த் தங்கக்கூடும். காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு கிழமைக்கு மேல் நின்றாலும் அதே காரணத்துக்காக ஜி.பி.யிடம் காட்ட வேண்டும்.

படுத்தால் மூச்சு முட்டி எழும்பி இருக்க வேண்டி வருவது, கால் வீங்குவது, நெஞ்சு படபடவென்று ஒழுங்கில்லாமல் அடிப்பது என்பன இருந்தால் அடுத்த அப்பொயின்மென்ட் வரை காத்திருக்காமல் 111 இலக்கத்துக்கு அழையுங்கள். திடீரென்று மூச்செடுக்க முடியாமல் போனாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் இயங்காமல் போனாலோ 999. இரண்டு இலக்கத்திலும் "தமிழ் இன்டர்பிரிட்டர்" என்று சொல்லிவிட்டு, தொடர்பைத் துண்டிக்காமல் காத்திருங்கள்.